உண்ண மறுக்கும் மலைப்பாம்புக் குஞ்சுகள்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. அந்தப் பாம்பே, முட்டையை விட்டு வெளிவந்த சில வாரங்களில், கட்டைவிரல் அளவுள்ள ஓர் எலிக்குட்டியைக் கண்டு நடுங்கி, மூலையில் சுருண்டு, தலையை உடலுக்குள் புதைத்துக்கொள்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நாங்களும் நம்பவில்லை. கண்ணால் கண்ட பிறகே நம்பினோம். நம்புவதற்குள் ஓர் உயிரையும் இழந்தோம். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நம் நாட்டில் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு மலைப்பாம்பு புதிதன்று. மலாய்க்காரர்கள் 'ஊலார் சாவா' என்பார்கள். உடம்பெங்கும் பாத்திக் துணிபோல வலைக்கோலம் உள்ளதால், பெரிய இனத்திற்கு 'சாவா பாத்திக்' என்று பெயர். உலகிலேயே நீளமான பாம்பு இனம் இதுவே. 6 மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. ரப்பர் காட்டிலும் செம்பனைக் காட்டிலும், சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளை ஒட்டிய சாக்கடைகளிலும்கூட இது வாழ்கிறது. காரணம் எளிது. எலி இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். இளம் பாம்புகளின் முக்கிய உணவு எலிதான். பெரியதாக வளர்ந்த பிறகே பன்றி முதலிய பெரிய விலங்குகளை நாடுகிறது.

2014ஆம் ஆண்டு ஒரு செம்பனைத் தோட்டத்தில் வடிகால் வெட்டும்போது, இயந்திரத்தின் வாளி ஒரு பெண் மலைப்பாம்பின்மேல் இறங்கிவிட்டது. அது தன் முட்டைகளைச் சுற்றி அடைகாத்துக்கொண்டிருந்தது. தாய் அங்கேயே இறந்தது. முட்டைகளில் பெரும்பாலானவை தப்பின. அங்கிருந்தவர்கள் தகவல் சொல்ல, வனவிலங்குத் துறையினரின் ஒப்புதலுடன் அம்முட்டைகள் உரிமம் பெற்ற ஒரு வளர்ப்பிடத்திற்கு வந்து சேர்ந்தன. அங்கே வார இறுதிகளில் உதவி வந்தவர்கள் நாங்கள் நால்வர். குஞ்சுகள் பொரித்து, தாமாக இரை எடுக்கத் தொடங்கியதும் காட்டில் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

பாம்பு முட்டையைக் கோழி முட்டைபோல் உருட்டக்கூடாது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். முட்டைக்குள் கரு ஒரு பக்கமாக ஒட்டி வளர்கிறது. தலைகீழாகப் புரட்டினால் இறந்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, கிடந்த கிடையிலேயே எடுத்து, ஈரம் குறையாத பெட்டியில் 31 பாகை செல்சியஸ் சூட்டில் வைத்தார்கள். ஏழு வாரங்கள் கழிந்து, மூக்கு நுனியில் உள்ள சின்னஞ்சிறு முட்டைப் பல்லால் தோல்போன்ற ஓட்டைக் கீறிக்கொண்டு 22 குஞ்சுகள் தலை நீட்டின. நீட்டினவே தவிர, உடனே வெளியே வரவில்லை. ஒரு நாள், ஒன்றரை நாள் அப்படியே முட்டைக்குள் இருந்தபடி உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மீதமுள்ள மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. அப்போது கையால் இழுத்து வெளியே எடுப்பது பெரும் பிழை. நல்லவேளையாக, அந்தப் பிழையை நாங்கள் செய்யவில்லை. வேறொரு பிழை செய்தோம்.

வெளிவந்த குஞ்சு ஒவ்வொன்றும் முழங்கை நீளத்திற்கு மேல் இருந்தது. ஒன்றிரண்டு வாரங்களில் முதல் தோலை உரித்தன. அதற்கு முன் மலைப்பாம்புக் குஞ்சு பொதுவாக இரை எடுப்பதில்லை; வயிற்றுக்குள் தாய் வைத்தனுப்பிய கட்டுச்சோறு இருக்கும்போது அதற்கு அவசரம் என்ன? தோல் உரித்த பிறகு எலிக்குட்டிகளைக் கொடுத்தோம். 17 குஞ்சுகள் பாய்ந்து பிடித்து, சுற்றி நெரித்து, தலையிலிருந்து விழுங்கின. ஐந்து குஞ்சுகள் தொடவில்லை.

தாய்மார்கள் இந்த நிலையை நன்றாக அறிவார்கள். பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மனம் பதறுகிறது. நிலாவைக் காட்டுவோம், காக்கையைக் காட்டுவோம், கடைசியில் மடியில் கிடத்தி ஊட்டிவிடுவோம். எங்களுக்கும் அதே பதற்றம். ஒன்பதாம் எண் பெட்டியில் இருந்த குஞ்சு எல்லாவற்றிலும் மெலிந்தது. தோல் உரித்து நான்கு நாட்கள்தான் ஆகியிருந்தன. அது செத்துவிடும் என்று நாங்களே முடிவு கட்டி, ஒருவர் கழுத்தைப் பிடிக்க, ஒருவர் வாயைத் திறக்க, எலிக்குட்டியை மழுங்கிய குச்சியால் தொண்டைக்குள் தள்ளினோம். மறுநாள் கக்கிவிட்டது. விடாமல் மீண்டும் தள்ளினோம். மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தருகே இறந்து கிடந்தது.

கால்நடை மருத்துவர் அதைத் திறந்து பார்த்தார். உணவுக்குழாயில் கிழிசல். வயிற்றுக்குள் மஞ்சள் கருவின் மிச்சம் இன்னமும் இருந்தது. அதாவது, அது பட்டினியால் சாகும் நிலையில் இல்லவே இல்லை. எங்கள் அவசரம்தான் அதைக் கொன்றது. மருத்துவர் எங்களைத் திட்டவில்லை. "பாம்புக்குப் பசிக்கவில்லை, உங்களுக்குத்தான் பசித்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் 'ஏன் மறுக்கிறது?' என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினோம்.

மலைப்பாம்பு எப்படி இரையை அறிகிறது? பிளவுபட்ட நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களை எடுத்து, வாயின் மேற்கூரையிலுள்ள ஓர் உறுப்பில் சேர்த்து மணமறிகிறது. அதன் உதடுகளின் ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் உள்ளன. அவை வெப்பத்தை உணர்பவை. கும்மிருட்டிலும், சூடான உடலுள்ள எலி எங்கே நிற்கிறது என்பதை அவை காட்டிவிடும். இவற்றோடு அசைவையும் அது கவனிக்கிறது. மணம், வெப்பம், அசைவு ஆகிய மூன்றும் பொருந்தி வந்தால்தான், கட்டிய வில் விடுபடுவதுபோல் அதன் தலை பாயும். ஒன்று குறைந்தாலும் சில குஞ்சுகள் ஐயப்பட்டு ஒதுங்கிவிடும். குளிர்ந்துபோன, அசையாத, சோப்பு மணக்கும் கையால் போடப்பட்ட எலிக்குட்டி அதற்கு இரையாகவே தோன்றாது.

இந்த மூன்றும் இருந்தாலும் அச்சம் இருந்தால் பசி அடங்கிவிடும். அச்சத்திற்குக் காரணம் உண்டு. 6 மீட்டர் வளரப்போகும் பாம்பு இன்று உடும்புக்கும் பருந்துக்கும் காட்டுப்பன்றிக்கும் இரை. காட்டில் குஞ்சுகள் பிறந்த நாள் முதல் பொந்திலும் வேரிடுக்கிலும் மறைந்தே வாழ்கின்றன. எங்கும் வெளிச்சம், நான்கு பக்கமும் கண்ணாடி, எட்டிப் பார்க்கும் முகங்கள். இப்படி ஓர் இடத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடு என்றால் அது எப்படிச் சாப்பிடும்? நடுச்சாலையில் இலை போட்டு நம்மை உட்கார வைத்தால் நமக்குச் சோறு இறங்குமா?

அடுத்தது வெப்பம். இதில் எங்களுக்கு ஒரு பாடம் காத்திருந்தது. வெப்ப நாட்டில் பாம்புக்குக் குளிர் ஏது என்று நாங்கள் இருந்தோம். ஒருநாள் பெட்டிகள் இருந்த அறையில் வெப்பமானியை எடுத்துக்கொண்டு மேல்தட்டு, கீழ்தட்டு என்று அளந்து பார்த்தோம். மேல்தட்டில் 29 பாகை. கீழ்தட்டின் இடது கோடியில் 23. பக்கத்து அலுவலகத்தின் குளிர்சாதனக் காற்று கதவிடுக்கு வழியாக நேரே அங்கே வந்து விழுந்துகொண்டிருந்தது. மறுத்த குஞ்சுகளில் எஞ்சிய நான்கில் மூன்று அந்தக் கோடியில்தான் இருந்தன. இறந்த ஒன்பதாம் எண்ணும் அங்கேதான் இருந்தது.

பாம்புக்கு நம்மைப்போல் உடல் தானாகச் சூடு காப்பதில்லை. சுற்றுப்புறம் குளிர்ந்தால் செரிமானமும் நின்றுபோகும். விழுங்கியது வயிற்றிலேயே அழுகும். எனவே குளிரில் இரையை மறுப்பது அதன் அறிவு. மலைப்பாம்பின் குடல் விந்தையானது. பட்டினி கிடக்கும்போது குடலும் மற்ற உறுப்புகளும் சுருங்கிக் கிடக்கின்றன. இரை விழுந்ததும் ஓரிரு நாட்களில் பெருத்து வேலையைத் தொடங்குகின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர்கள் ஸ்டீபன் சீக்கரும் ஜேரட் டயமண்டும் இதனை விரிவாக ஆராய்ந்து 1998ஆம் ஆண்டு எழுதினார்கள். பர்மிய மலைப்பாம்பின் இதயமே ஒரு பெரும் இரைக்குப் பின் இரண்டு நாட்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு எடை கூடுகிறது என்று 2005ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வு காட்டியது. மூடிக் கிடக்கும் ஆலையைத் திறந்து நடத்துவது போன்ற செயல் அது. அடுப்பு மூட்டச் சூடு வேண்டாமா?

அன்று மாலையே ஏற்பாட்டை மாற்றினோம். ஒவ்வொரு குஞ்சுக்கும் தனித்தனியாக, காலணிப் பெட்டி அளவே உள்ள நெகிழிப் பெட்டி, காற்றுத் துளைகள், அடியில் வெள்ளைத் தாள், நுழைந்துகொள்ளச் சிறு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம். பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் வெப்பத் தகடு வைத்து, அங்கே 31, 32 பாகை, மறுமுனையில் 27. குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வெப்பத் தகட்டுக்குக் கட்டாயம் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும்; இல்லாவிட்டால் வயிற்றுப்புறம் வெந்துவிடும். பெட்டிகளின்மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினோம். பிறகு எங்களில் யாரும் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதற்கன்றி அங்கே போகக்கூடாது என்று கட்டுப்பாடு. இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

எட்டாம் நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு இரை கொடுத்தோம். இரையைப் பற்றியும் சிறிது கற்றிருந்தோம். முடியில்லாத பச்சை எலிக்குஞ்சைவிட, முடி முளைத்துக் கண் திறக்கும் பருவத்துச் சுண்டெலிக் குட்டிக்கே மணமும் அசைவும் மிகுதி; பல குஞ்சுகள் அதையே விரும்புகின்றன. பருமன், பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தைவிட மிகக்கூடாது. உறைய வைத்த எலியானால் முழுவதும் உருகச் செய்து, வெந்நீரில் பையோடு வைத்து, உயிருள்ள எலியின் சூட்டிற்குக் கொண்டுவர வேண்டும். தலைப்பக்கம் சற்றுக் கூடுதலாகச் சூடாக இருந்தால் நல்லது, பாம்பு அங்கேதான் குறிவைக்கிறது. நீண்ட இடுக்கியால் பிடித்து, மறைவிடத்தின் வாயருகே மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். முகத்தின்மேல் கொண்டுபோய் இடிக்கக்கூடாது. எடுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட வேண்டும். உயிருள்ள, பல் முளைத்த எலியை மட்டும் இரவெல்லாம் உள்ளே விட்டுவைக்கக்கூடாது. பாம்பு எலியைத் தின்பதற்குப் பதிலாக எலி பாம்பைக் கடித்துவிடும்.

மறுநாள் காலை இரண்டு பெட்டிகளில் இரை இல்லை. எங்களில் ஒருவர் தாளைத் தூக்கி அடியில் தேடினார். அங்கும் இல்லை. குஞ்சுகளின் நடுவயிறு புடைத்திருந்தது. மூன்றாவது குஞ்சு மேலும் ஆறு நாட்கள் கழித்து எடுத்தது. எஞ்சியது 14ஆம் எண் ஒன்றுதான்.

இந்த 14ஆம் எண்ணைப் பற்றிச் சொல்லுமுன், மற்ற மலைப்பாம்பு இனங்களைப் பற்றி ஓரிரு சொற்கள். சாவா பாத்திக் குஞ்சுகள் பொதுவாக நன்றாக உண்பவை. வளர்ப்போரை மிகவும் சோதிப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுவிடும். அதன் பசி அந்தப் பந்துக்குள்ளே மறைந்துவிடுகிறது. அதைவிடவும் கடினமானது நியூகினியின் பச்சை மரமலைப்பாம்பு. அதன் குஞ்சுகள் பிறக்கும்போது மஞ்சளாகவோ செம்மையாகவோ இருக்கும். ஆஸ்திரேலியாவின் வடகோடிக் காட்டில் நடந்த ஆய்வுகளில், மஞ்சள் நிறக் குஞ்சுகள் அரணை போன்ற சிறு பிராணிகளையே பெரும்பாலும் பிடிப்பதும், வளர்ந்து பச்சையான பிறகே எலியையும் பறவையையும் நாடுவதும் தெரியவந்தது. அந்தக் குஞ்சின் முன்னால் எலியை வைத்தால் அதற்கு என்ன தெரியும்? பிறவியிலேயே அதன் மூளையில் எழுதியிருப்பது பல்லியின் மணம். ஆகவே வளர்ப்பவர்கள் எலிக்குட்டியின் மேல் பல்லியின் மணத்தை ஏற்றித் தருகிறார்கள், எலியும் பல்லியாகிவிடுகிறது.

இந்த மணமேற்றும் முறையைத்தான் 14ஆம் எண்ணுக்கும் பயன்படுத்த நினைத்தோம். முதலில் எலியை வெந்நீரில் கழுவி, அதன் சொந்த மணத்தைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்தோம், தொடவில்லை. சுவர்ப் பல்லியைத் தேய்த்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டுப் பல்லியில் ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும் என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அதற்குள் பொரித்து ஐந்து வாரம் ஆகிவிட்டது.

நீங்கள் கேட்கலாம்: எவ்வளவு காலம்தான் காத்திருப்பது? உண்மையிலேயே பட்டினியால் சாகும் குஞ்சும் உண்டல்லவா? உண்டு. அதற்குத்தான் தராசு. சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை பெட்டியோடு நிறுத்து, பெட்டியின் எடையைக் கழித்து, நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கண் பொய் சொல்லும். எங்களுக்கு ஒன்பதாம் எண் சாகக் கிடப்பதாகக் காட்டியது கண்தான். எடை மெல்லக் குறைந்தாலும் குஞ்சு நாக்கை நீட்டி, இரவில் உலாவி, தொட்டால் சீறுகிறதென்றால் காத்திருக்கலாம். முதுகெலும்பு கூரைமுகடுபோல் எழும்பி, பக்கங்களில் தோல் மடிந்து, உடல் தளர்ந்தால் காத்திருக்கக்கூடாது. அப்போதும் தொண்டைக்குள் தள்ளுவது முதல் வழியன்று. வாயை மெல்லத் திறந்து, சிறிய இறந்த எலிக்குட்டியின் தலையைப் பின்வளைந்த பற்களில் மாட்டிவிட்டு, குஞ்சைக் கீழே வைத்து, சிலைபோல் அசையாமல் நின்றால், பல வேளைகளில் துப்புவதற்குப் பதில் விழுங்கத் தொடங்கிவிடும். அதற்குக் கைப்பழக்கம் வேண்டும்; பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உண்ட பிறகு இரண்டு மூன்று நாட்கள் தொடவே கூடாது. கக்கிவிட்டால் பத்து நாளாவது ஓய்வு கொடுத்து, முன்னிலும் சிறிய இரையாகத் தர வேண்டும். நாங்கள் ஒன்பதாம் எண்ணுக்கு ஒரு நாள் ஓய்வுகூடக் கொடுக்கவில்லை.

இடையில் ஒரு முக்கியமான செய்தி. இவற்றைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் மலைப்பாம்பு வளர்க்கப் புறப்பட வேண்டாம். சிங்கப்பூரில் பாம்பைச் செல்லப் பிராணியாக வைத்திருப்பதே சட்டவிரோதம். தீபகற்ப மலேசியாவில் இது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். உரிமமின்றிப் பிடிக்கவோ வைத்திருக்கவோ கூடாது. தோட்டத்திலோ வீட்டருகிலோ பாம்பையோ முட்டைகளையோ கண்டால், கம்பை எடுக்காமல், மலேசியாவில் பொதுத் தற்காப்புப் படைக்குத் தெரிவித்தால் வந்து பார்த்துக்கொள்வார்கள். அடைகாக்கும் தாய் இருந்தால் ஒதுங்கி நிற்பதே நல்லது. முட்டைகளைவிட்டு அது போகாது, ஆனால் கடிக்கும்.

இனி 14ஆம் எண். அதன் எடை ஐந்து வாரத்தில் கொஞ்சமே குறைந்திருந்தது. இரவில் உலாவிற்று. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டோம். ஆறாவது வாரம், வளர்ப்பிடத்திற்குக் கோழிக்குஞ்சுகள் கொண்டுவரும் மூதாட்டி ஒருவர் எங்கள் வாட்டத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னோம். "எங்க கோழிக்கூட்டுல பூந்ததெல்லாம் எலி தேடியா பூந்துச்சு?" என்றார். அது சரிதான் என்று பட்டது. சுண்டெலிக் குட்டியைச் சூடாக்கி, கோழிக்குஞ்சின் இறகுத்தூவியில் நன்றாகப் புரட்டி, இரவு பத்து மணிக்குப் பெட்டியின் மறைவிடத்தருகே வைத்தோம். கறுப்புத் துணியை மூடிவிட்டு வெளித்திண்ணையில் வந்து உட்கார்ந்தோம். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நால்வருக்கும் இருந்தது. யாரும் எழவில்லை.

ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து உள்ளே 'டப்' என்று ஓர் ஓசை. பிறகு தண்ணீர்க் கிண்ணம் கவிழும் ஓசை. அதன் பிறகும் நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம். காலையில் பெட்டி முழுவதும் ஈரம்; இரண்டு மூன்று மஞ்சள் தூவிகள் தாளில் ஒட்டிக் கிடந்தன; எலி இல்லை. நோட்டுப் புத்தகத்தில் 41ஆம் நாள் என்று எழுதி, அருகே ஒரு கோடு போட்டோம்.

அடுத்த வாரமும் தூவி ஒட்டிய எலி. அதற்கடுத்த வாரம் தூவியைப் பாதியாகக் குறைத்தோம். நான்காம் முறை வெறும் எலியையே எடுத்தது. இடுக்கியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் 21 குஞ்சுகளும், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு காட்டில், இருட்டும் நேரத்தில், ஒன்றுக்கொன்று தொலைவாக விடப்பட்டன. மற்றவை விட்டதும் புதரில் மறைந்துவிட்டன. 14ஆம் எண் மட்டும் பெட்டியை விட்டு வெளியே வர நெடுநேரம் எடுத்துக்கொண்டது. நாங்கள் காத்திருந்தோம்.